சூளையால் ஆவதும் ஆகாததும்: செவ்வாய்க் கோளும் நெய்வேலி மண்மேடும்

விருத்தாசலத்திலிருந்து கிழக்கே முப்பது கிலோமீட்டருக்குள் மனிதன் புரட்டிப் போட்ட நிலம் ஒன்று இருக்கிறது. பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணையும் மணற்கல்லையும் 50 முதல் 100 மீட்டர் ஆழம் வரை வெட்டியெடுத்து, நெய்வேலிச் சுரங்கங்களின் ஓரத்திலும் நிலக்கரி தீர்ந்த பள்ளங்களிலும் கொட்டிக் கொட்டி உருவான மேடுகள் அவை. ஒரு டன் நிலக்கரி கிடைக்க ஐந்து கன மீட்டருக்கும் அதிகமான மேல்மண் இடம் மாற வேண்டும். 1957 மே மாதம் நேரு தொடங்கிவைத்த வேலை இன்றும் இரவு பகலாக நடக்கிறது. வெயிலையே பார்த்திராத ஆழத்து மண் மேலே வந்துவிட்டது. முந்திரியும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் விளைந்த மேல்மண்ணில் பெரும்பகுதி அதற்குள் எங்கோ புதைந்துபோனது.

செவ்வாயை மனிதர் வாழத்தக்க இடமாக்குவது பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக அண்டார்க்டிகாவையும் அட்டகாமா பாலைவனத்தையும் துணைக்கு அழைக்கிறார்கள். எனக்கு நெய்வேலி மேடுதான் பொருத்தமாகப் படுகிறது. அண்டார்க்டிகாவில் நாம் போய்த் தாக்குப்பிடிக்கிறோம். அந்த நிலத்தை மாற்ற முயலவில்லை. நெய்வேலியில் நடப்பது வேறு. அங்கே உயிரில்லாத மண்ணை விளையும் மண்ணாக்கப் பல பத்தாண்டுகளாக முயன்றுகொண்டிருக்கிறார்கள். செவ்வாயிடம் நாம் கேட்பதும் அதையேதான்.

இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்பது தெரிந்ததுதான். செவ்வாயின் காற்றழுத்தம் சராசரியாக 6 மில்லிபார், நமக்கு 1,013. இருக்கும் அந்தச் சொற்பக் காற்றிலும் 95 விழுக்காடு கரியமில வாயு. சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரி. கியூரியாசிட்டி ஊர்தி அளந்த கதிர்வீச்சு நாளொன்றுக்கு சுமார் 0.67 மில்லிசீவெர்ட்; பூமியில் ஓராண்டில் நம்மேல் இயற்கையாகப் படுவது அங்கே நான்கே நாளில் படுகிறது. நெய்வேலி மேட்டுக்கு இந்தக் குறை ஒன்றுமில்லை. வடகிழக்குப் பருவமழை உண்டு, வெயில் உண்டு, மூச்சுவிடக் காற்று உண்டு, பக்கத்து வயலிலிருந்து பறந்து வரும் விதை உண்டு, எச்சமிட்டுப் போகும் பறவை உண்டு. ஒப்பிடுவதில் எனக்குப் பயன் தெரிவது இங்கேதான். இவ்வளவும் செலவில்லாமல் கிடைத்த பிறகும் செத்த மண் பிழைக்க என்னென்ன வேண்டியிருக்கிறது என்று நெய்வேலியில் பார்த்துவிடலாம். இவற்றில் ஒன்றும் இல்லாத இடத்தில் எவ்வளவு வேண்டியிருக்கும் என்பதை அதன்மேல் கூட்டிக்கொள்ளலாம்.

விருத்தாசலம் இதற்கு நடுவில் நிற்கிறது. ஊரில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசு நிறுவனம் இருக்கிறது. அதே ஊரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. வி.ஆர்.ஐ. என்ற எழுத்துகளோடு வரும் முந்திரி ரகங்களும் மல்லாட்டை ரகங்களும் அங்கே பிறந்தவை. ஒரு பக்கம் மண்ணைச் சுடும் அறிவு, இன்னொரு பக்கம் மண்ணில் விளைவிக்கும் அறிவு. வேற்றுக்கோளில் குடியேற இரண்டும் வேண்டும். ஆனால் உலகம் முழுக்கப் பேச்சும் பணமும் முதலாவதன் பக்கமே போகின்றன. இரண்டாவதுதான் நம்மைத் தடுத்து நிறுத்தப் போகிறது என்பது என் எண்ணம்.

முதலில் சூளையால் ஆகக்கூடியவற்றைப் பார்ப்போம். அவை குறைவல்ல.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மை பிறக்கும் விதம் இது. களிமண்ணும் குவார்ட்ஸ் தூளும் பெல்ஸ்பாரும் தண்ணீரோடு பால் மில் என்ற உருளை அரைவையில் மணிக்கணக்கில் அரைபடும். அந்தக் குழம்பை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உள்சுவரில் தோல்போலக் களிமண் படியும். வேண்டிய தடிப்பு வந்ததும் மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு, கொஞ்சம் இறுகவிட்டு, அச்சைப் பிரிப்பார்கள். பிறகு நிழலில் உலர்த்த வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விடும். காய்ந்ததைச் சூளையில் ஏற்றினால், 500, 600 டிகிரி வாக்கில் களிமண்ணின் அணுக்கட்டுக்குள்ளேயே இருந்த தண்ணீர் வெளியேறுகிறது. தூய கயோலின் 100 கிலோவில் அப்படிப் போவது ஏறத்தாழ 14 கிலோ. அதன்பிறகு எத்தனை நாள் ஊறவைத்தாலும் அது திரும்பக் களிமண்ணாகாது. 1,200 டிகிரியை நெருங்கித் தாண்டும்போது பெல்ஸ்பார் உருகி, கண்ணாடியாகி, துகள்களுக்கு இடையிலுள்ள சந்துகளை அடைக்கிறது. சுண்டினால் கணீரென்று ஒலிக்கும் பொருள் வெளியே வருகிறது.

இந்த மூலப்பொருள்களின் உறவுக்காரர்கள் வேற்றுலகங்களிலும் இருக்கிறார்கள். நிலவின் மேட்டு நிலங்கள் பெரும்பாலும் அனார்த்தோசைட் என்ற பாறையால் ஆனவை. அதில் நிறைந்திருப்பது கால்சியம் கலந்த பெல்ஸ்பார். அதே பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கிறது. சந்திரயானின் தரையிறங்கு கலத்தைச் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலவு மண் தேவைப்பட்டபோது, சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்களின் துணையோடு அந்தப் பாறையைப் பொடித்துத்தான் செயற்கை நிலவு மண் தயாரித்தார்கள். செவ்வாயில் இன்னும் வியப்பான ஒன்று கிடைத்திருக்கிறது. ஜெசிரோ பள்ளத்தில் உலவும் பெர்சிவியரன்ஸ் ஊர்தி, ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் வெளிறிய கற்களில் கயோலினைட்டைக் கண்டது. பீங்கானுக்கு உயிரான கனிமம் அது. பூமியில் அது பெருமளவில் உருவாக வெதுவெதுப்பும், பாறையை ஊறவைத்துக் கரைக்கும் நெடுங்கால மழையும் வேண்டும். ஒரு காலத்தில் செவ்வாயிலும் மழை பெய்திருக்கக்கூடும் என்று சொல்ல அந்த வெள்ளைக் கற்கள் இடம் தருகின்றன.

செவ்வாயின் சாதாரண மண் வெள்ளைப் பீங்கானுக்கு உதவாது. எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இரும்பு ஆக்சைடு. பீங்கான்காரருக்கு இரும்பு பகை. வெள்ளைப் பண்டத்தில் பழுப்புப் புள்ளி விழுந்துவிடும் என்பதால் குழம்பைக் காந்தத்தின் மேல் ஓடவிட்டுப் பிரிப்பார்கள். ஆனால் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தார் 2017இல் செய்த சோதனையில் அந்த இரும்புத் துகளே பசையாக வேலை செய்தது. செவ்வாய் மண்ணைப் போன்ற பொடியைச் சுடாமல், எதையும் சேர்க்காமல், அழுத்தி மட்டுமே செங்கல் ஆக்கினார்கள். 2022இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தாரும் இஸ்ரோவும் சேர்ந்து வேறு வழியில் போனார்கள்: மாதிரி மண்ணோடு கொத்தவரைப் பிசின், யூரியா, நிக்கல் குளோரைடு, ஒரு பாக்டீரியா. அந்த நுண்ணுயிர் சுரக்கும் சுண்ணமே துகள்களைப் பிணைத்தது.

பீங்கான் மூச்சும் கொடுத்திருக்கிறது. பெர்சிவியரன்ஸுக்குள் மாக்ஸி என்றொரு பெட்டி இருந்தது. அதன் இதயம் ஸ்காண்டியம் கலந்த சிர்கோனியாத் தகடு, முழுக்கப் பீங்கான். சுமார் 800 டிகிரிக்குச் சூடாக்கி, செவ்வாயின் கரியமில வாயுவை அதன்மேல் செலுத்தி மின்சாரம் பாய்ச்சினால், ஆக்சிஜன் மட்டும் தகட்டை ஊடுருவி மறுபக்கம் வரும். 2021 ஏப்ரலில் முதன்முறை இயங்கியது. 2023இல் வேலை முடிந்தபோது 16 முறை இயங்கி மொத்தம் 122 கிராம் தந்திருந்தது. ஒரு மனிதருக்கு நாளொன்றுக்கு முக்கால் கிலோவுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். அந்த இரண்டாண்டு உற்பத்தி ஒருவருக்கு மூன்றரை மணி நேரத்துக்குக் காணும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வழி தெரிந்துவிட்டது, இனி அளவைப் பெருக்க வேண்டியதுதான். பெருக்க மின்சாரம் வேண்டும். விருத்தாசலத்துச் சூளை எரிவாயுவில் எரிகிறது. செவ்வாயில் ஆக்சிஜன் இல்லாததால் தீயே பற்றாது. ஒவ்வொரு சூளையும் மின்சாரச் சூளைதான். அங்கே விழும் வெயிலோ நம்முடையதில் பாதிகூட இல்லை.

செங்கல் கிடைத்தது, காற்று கிடைத்தது, வீடு கட்டிவிடலாமே என்று தோன்றும். இந்த இடத்தில் நெய்வேலியிடம் கற்க ஒன்று இருக்கிறது.

நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஊற்றுநீர் பெரும் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ என்ற கணக்கில் அது மேல்நோக்கி முட்டுகிறது. மேலே நூறு மீட்டர் மண் இருந்தவரை அந்தப் பாரம் தண்ணீரை அடக்கி வைத்திருந்தது. மண்ணை எடுத்தவுடன் பாரம் போயிற்று; விட்டுவைத்தால் சுரங்கத்தின் தரை உப்பி வெடிக்கும். ஆகவே சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு ஓயாமல் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். 1961இல் முதல் நிலக்கரி வெளியே வந்ததற்கு இந்த இறைப்பும் ஒரு காரணம்.

செவ்வாயில் இதே கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். வீட்டுக்குள் நம் காற்றழுத்தத்தை வைத்தால், வெளியே ஏறத்தாழ வெற்றிடம் என்பதால், ஒவ்வொரு சதுர மீட்டர் கூரையையும் பத்து டன் விசை வெளியே தள்ளும். செங்கலும் பீங்கானும் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் உடையும். பூமியின் கட்டடங்கள் சரிந்து விழாமல் இருக்கக் கட்டப்பட்டவை. செவ்வாயின் கட்டடம் பிய்த்துக்கொண்டு போகாமல் இருக்கக் கட்டப்பட வேண்டியது. மண்ணைக் கொட்டி அமுக்கினால் என்ன? அங்கே ஈர்ப்பு நம்முடையதில் 38 விழுக்காடுதான். அந்தப் பத்து டன்னை ஈடுகட்ட, தண்ணீரைப்போல் ஒன்றரை மடங்கு அடர்த்தியுள்ள மண்ணை ஏறத்தாழ 18 மீட்டர் உயரத்துக்குக் கொட்ட வேண்டும். உள் அழுத்தத்தைப் பாதியாக்கினால் 9 மீட்டர் போதும். கதிர்வீச்சைத் தடுக்க எப்படியும் சில மீட்டர் மண் மூடாக்கு வேண்டும் என்பதால் இது முழுக்க வீண் வேலையும் அல்ல. நெய்வேலியில் மண்ணை எடுத்ததால் தரை வெடிக்கப் பார்க்கிறது. செவ்வாயில் மண்ணைப் போடாவிட்டால் கூரை வெடிக்கும். மேடு கொட்டும் தொழிலில் நெய்வேலிக்கு அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட அனுபவம் உண்டு. செவ்வாய்க்கு முதலில் போக வேண்டியவர்களில் சுரங்கப் பொறியாளரும் ஒருவர்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நெய்வேலியில் தண்ணீர் மிகுதி. இறைத்த நீரில் ஒரு பங்கு வடலூர்ப் பக்கம் வாலாஜா ஏரிக்குப் போய்ப் பாசனத்துக்கு உதவுகிறது. செவ்வாயில் துருவங்களிலும் தரைக்கடியிலும் பனிக்கட்டி இருக்கிறது. அதைத் தவிர இன்னொரு இருப்பும் உண்டு. 2021இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வொன்று, செவ்வாயின் பழைய கடல்நீரில் 30 முதல் 99 விழுக்காடு வரை விண்வெளிக்குப் போகாமல் பாறைக் கனிமங்களுக்குள்ளேயே கட்டுண்டிருக்கலாம் என்கிறது. களிமண்ணின் அணுக்கட்டுக்குள் அடைபட்ட அதே வகைத் தண்ணீர். அதை மீட்க வேண்டுமானால் கோளின் களிமண்ணைச் சூளையில் ஏற்ற வேண்டும். ஒருமுறை சுட்டுத் தண்ணீரை எடுத்துவிட்டால் அந்தக் களிமண் செடிக்கு உதவும் களிமண்ணாக இருக்காது. நீருக்குச் சுடுவதா, பயிருக்கு விடுவதா என்று அங்கே ஒவ்வொரு வண்டி மண்ணுக்கும் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

இனி சூளையால் ஆகாதது. நெய்வேலி மேட்டில் புதிதாகக் கொட்டிய மண்ணைக் கையில் எடுத்தால், மணலும் களியும் ஒழுங்கில்லாமல் கலந்த கட்டியாக இருக்கும். நனைந்தால் வழுக்கும், காய்ந்தால் கல். வளமான மண்ணை உடைத்தால் ரவைபோலப் பொலபொலவென்று உதிருமே, அந்தக் குருணைக்கட்டு இதில் இல்லை. அந்தக் கட்டை உண்டாக்குவது வேர்களும் பூஞ்சை இழைகளும் மண்புழுவின் கழிவும் நுண்ணுயிர்களின் பசையும். அவை இல்லாததால் மழைநீர் உள்ளே இறங்குவதில்லை. சரிவில் வரிவரியாக அரித்துக்கொண்டு ஓடுகிறது. அங்கக கரிமம் இல்லை, தழைச்சத்து இல்லை, கிடைக்கும் வடிவில் மணிச்சத்தும் குறைவு. வளமான மண் ஒரு கைப்பிடியில் உலக மக்கள் தொகையைவிட அதிகமான நுண்ணுயிர்கள் இருக்கும். சுரங்கத்தின் அடிமண் அதற்குப் பக்கத்தில்கூட வராது.

இதைத் திருத்துவதற்கு உழவர்கள் அறிந்த வழிகளே வழிகள். மேட்டைச் சமன்படுத்தி, வரப்பு போட்டு நீரைத் தேக்குவார்கள். தக்கைப்பூண்டோ சணப்போ கொளுஞ்சியோ விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவார்கள். தொழு உரம் இடுவார்கள். நிலக்கரியிலிருந்தே பிரித்தெடுத்த ஹியூமிக் அமிலத்தைக்கூட நெய்வேலியில் மண்ணுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பல கோடி ஆண்டுக்கு முந்தைய காட்டின் சாரம் இன்றைய மண்ணுக்கு உரமாகிறது. நுண்ணுயிர் உரம், பயறு வகைகள், பிறகு மரம். இன்று அங்கே பசுமையான பரப்புகள் உண்டு, நெல் விளைந்த வயல்களும் உண்டு. இந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் நட்ட மரத்தின் எண்ணிக்கையை வைத்து நிலம் திரும்பிவிட்டதாகக் கணக்கெழுதுவதை ஏற்க முடியவில்லை. மரம் நின்றுவிடலாம். அதன் அடியில் மண்புழு வந்ததா, மழை உள்ளே இறங்குகிறதா, உரத்தை நிறுத்திய பிறகும் அடுத்த போகம் விளைகிறதா என்பவைதான் கேள்விகள். மேல்மண் ஓர் அங்குலம் தானாக உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். மனிதர் கைகொடுத்தால் வேகம் கூடும். ஆனாலும் அது பத்தாண்டுக் கணக்கில்தான் கூடுகிறது.

இப்போது அந்த மேட்டிலிருந்து நமக்கு இலவசமாகக் கிடைத்தவற்றை ஒவ்வொன்றாகக் கழிப்போம். பறந்து வரும் விதை இல்லை. மழை இல்லை. தொழு உரத்துக்கு மாடு இல்லை. மண்ணிலோ நஞ்சு இருக்கிறது: 2008இல் பீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் அரை விழுக்காடு அளவில் பெர்குளோரேட் உப்பைக் கண்டறிந்தது. சிவகாசியில் செய்யும் மத்தாப்புக்கு ஆக்சிஜன் கொடுக்கப் பயன்படும் உப்பின் இனம் அது. உடம்புக்குள் போனால் தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். தண்ணீரில் எளிதாகக் கரையும் என்பதால் கழுவி எடுக்கலாம். அதைச் சிதைத்து வாழும் பாக்டீரியாக்களும் உண்டு. கழுவத் தண்ணீர், பாக்டீரியாவுக்கு வெதுவெதுப்பு என்று செலவு அடுக்கிக்கொண்டே போகும்.

தழைச்சத்துதான் எனக்குப் பெரிய கவலை. மல்லாட்டைச் செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தால் கடுகளவு முடிச்சுகள் தெரியும். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. ரத்தத்தில் இருப்பதைப் போன்ற, இரும்பு கொண்ட ஒரு புரதத்தின் நிறம் அது. அந்த முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபிய வகைப் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. விருத்தாசலம் வட்டாரத்தில் விதைக்கு முன் அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் பொட்டலத்தைக் கலந்து, விதையைப் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைப்பது பழக்கமான வேலை. நம் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் இருப்பதால் இது நடக்கிறது. செவ்வாயின் மெல்லிய காற்றில் நைட்ரஜன் மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. அழுத்தக் கணக்கில் சொன்னால் 0.2 மில்லிபார்கூட இல்லை. 1989இல் வெளியான சோதனை ஒன்றில், நைட்ரஜனின் அழுத்தம் 5 மில்லிபார் இருந்தபோது பாக்டீரியா அதைப் பிடித்தது. 1 மில்லிபாருக்கு இறக்கியபோது பிடிக்கவில்லை. கூடத்துக்குள் அழுத்தம் சேர்த்துப் பயிரிடலாம். திறந்த வெளியில் கோளையே பசுமையாக்கும் கனவுக்கு நைட்ரஜன் பெரிய முட்டுக்கட்டை. கியூரியாசிட்டி பாறைப் படிவுகளில் நைட்ரேட் கண்டிருக்கிறது என்பது ஒரு சிறு ஆறுதல்.

வேற்று மண்ணில் செடி முளைக்குமா என்பதற்கு ஒரு நேரடிச் சான்று உண்டு. அப்பல்லோ வீரர்கள் கொண்டுவந்த உண்மையான நிலவு மண்ணில் புளோரிடா பல்கலைக்கழகத்தார் கடுகுக் குடும்பச் செடி ஒன்றை விதைத்தார்கள். 2022இல் முடிவு வந்தது. விதை முளைத்தது. வளர்ச்சியோ குன்றியது, உப்பும் உலோகமும் மிகுந்த மண்ணில் வளரும் செடி காட்டும் வேதனைக் குறிகளை அது காட்டியது. அதற்குத் தண்ணீரும் சத்துக் கரைசலும் பூமிக் காற்றும் கொடுத்த பிறகு கிடைத்த விளைச்சல் அது.

வளமான மண்ணைப் பூமியிலிருந்தே மூட்டை கட்டிக் கொண்டுபோனால்? அந்தச் சோதனையும் ஒருவகையில் நடந்தது. அரிசோனாவில் 3.14 ஏக்கர் கண்ணாடிக் கூடத்துக்குள், பயோஸ்பியர் 2 என்ற பெயரில், 1991 செப்டம்பரிலிருந்து ஈராண்டு எட்டுப் பேர் அடைபட்டு வாழ்ந்தார்கள். உள்ளே காற்றில் 20.9 விழுக்காடாக இருந்த ஆக்சிஜன் பதினாறு மாதத்தில் 14.5க்கு இறங்கியது. பயிருக்காகச் சத்து மிகுந்த மண்ணை நிரப்பியிருந்தார்கள். அதிலிருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை மூச்சாக எடுத்துக் கரியமில வாயுவை விட்டன. அந்த வாயுவைச் செடி எடுத்து ஆக்சிஜனைத் திருப்பிக் கொடுத்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும். இடையில் கான்கிரீட் சுவர் அதை உறிஞ்சிச் சுண்ணமாக்கி வைத்துக்கொண்டது. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டிவந்தது. சுவரும் மண்ணும் ஒன்றுக்கொன்று செய்யப்போவதை யாரும் முன்கூட்டிக் கணக்கிடவில்லை. பீங்கான்காரரும் வேளாண் அறிஞரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை.

கூடத்தை விட்டு வெளியே வந்து கோளையே மாற்றும் திட்டங்களும் உண்டு. 1991இல் கிறிஸ்டோபர் மெக்கே முதலியோர் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை, செவ்வாயைச் சூடாக்கச் சில நூற்றாண்டுகள் போதலாம் என்றாலும், தாவரங்களை நம்பி மனிதர் மூச்சுவிடும் காற்றை உண்டாக்க ஒரு லட்சம் ஆண்டுகள் ஆகும் என்றது. 2018இல் ஜகோஸ்கியும் எட்வர்ட்ஸும் இருப்பையே எண்ணிப் பார்த்தார்கள்: எட்டும் தூரத்திலுள்ள கரியமில வாயு முழுவதையும் வெளியேற்றினாலும் அழுத்தம் 20 மில்லிபார் வாக்கில்தான் வரும். 2024இல் வந்த இன்னொரு ஆய்வு, இரும்பு அல்லது அலுமினிய நுண்குச்சிகளை நொடிக்கு 30 லிட்டர் வீதம் பல ஆண்டுகள் காற்றில் தூவினால் வெப்பநிலை 30 டிகிரி உயரும் என்கிறது. தூவுவதை நிறுத்தினால் குளிர் திரும்பிவிடும். நெய்வேலியின் இறைப்பு இயந்திரம்போல அதுவும் ஓய்வில்லாத வேலை. இவற்றைவிட எனக்குப் பிடித்தது 2019இல் வந்த அடக்கமான யோசனை: இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிப்புள்ள சிலிக்கா ஏரோஜெல் படலத்தைப் பனி நிறைந்த நிலத்தின்மேல் விரித்தால், வெளிச்சம் புகும், புற ஊதாக் கதிர் தடைபடும், அடியில் பனி உருகும். சிலிக்காவை வைத்து வேலை செய்கிறவர்களுக்குப் புரியும் மொழி அது. கோளை விட்டுவிட்டு ஒரு பாத்தியிலிருந்து தொடங்குகிறது என்பதும் அதன் சிறப்பு.

மனிதரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த ஒப்பீடு நேர்மையாக இருக்காது. நெய்வேலியின் மேடுகளுக்கு அடியில் ஊர்கள் இருந்தன. நிலத்தைக் கொடுத்தவர்களின் வேலை, இழப்பீடு பற்றிய வழக்குகள் தலைமுறை தாண்டியும் தீரவில்லை. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் சுரங்கத்துக்காக இயந்திரங்களை இறக்கி வாய்க்கால் வெட்டியதைத் தமிழ்நாடே பார்த்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. உயிருள்ள மண் எவ்வளவு அரிது என்று இரண்டு கோள்களையும் ஒப்பிட்டுப் பார்த்தவர் எவரும் அந்த வயலை அவ்வளவு எளிதாக விட்டிருக்க மாட்டார்கள். செவ்வாய்க்கு ஒரு குவிண்டால் மண் செய்ய எத்தனை கோடி ஆகும் என்று கணக்கிடுகிறோம். கடலூர் மாவட்டத்தில் தயாராக இருக்கும் மண்ணுக்கு ஏக்கர் விலை மட்டும்தான் போடுகிறோம்.

செவ்வாயில் வெளியேற்ற ஊர் இல்லை. குடியிருப்பவர் யாருமே இல்லையா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. கயோலினைட் கிடைத்த அதே ஜெசிரோவில், பழைய ஆற்றுப்படுகைப் பாறை ஒன்றில் சிறுத்தைப் புள்ளி போன்ற தடங்களைப் பெர்சிவியரன்ஸ் 2024 ஜூலையில் கண்டது. பழங்கால நுண்ணுயிர்கள் விட்டுப்போன அடையாளமாக அது இருக்கலாம் என்று 2025 செப்டம்பரில் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். உயிரில்லா வேதிவினையாகவும் இருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை பிற கோள்களுக்குத் தீங்கான மாசு போகக் கூடாது என்கிறது. இந்தியாவும் அதற்குக் கட்டுப்பட்டது. ஆனால் செத்த மண்ணை உயிர்ப்பிக்கும் ஒவ்வொரு வழியும் நுண்ணுயிரைக் கொண்டுபோய் விதைப்பதில்தான் தொடங்குகிறது. ஒருமுறை விதைத்துவிட்டால், அதன்பின் அங்கே எந்த உயிரைக் கண்டாலும் அது அங்கேயே பிறந்ததா, நம்மோடு வந்ததா என்று பிரித்துச் சொல்வது பெரும்பாடாகிவிடும். அந்தப் புள்ளிப் பாறையிலிருந்து எடுத்த மாதிரி, குழாயில் அடைபட்டுச் செவ்வாயிலேயே இருக்கிறது. அதைப் பூமிக்குக் கொண்டுவரும் திட்டம் செலவுக் கணக்கில் சிக்கிக்கொண்டது. அந்தக் குழாய் இங்கே வந்து சோதிக்கப்படும் வரை செங்கல் செய்யலாம், ஆக்சிஜன் பிரிக்கலாம், ஏரோஜெல் விரித்துப் பார்க்கலாம். ரைசோபியம் பொட்டலத்தை மட்டும் அங்கே பிரிக்கக் கூடாது. அதைப் பிரிக்க நெய்வேலியில் இன்னும் நிறைய மேடு இருக்கிறது.